சன்ஷேடுக்குக் கீழே ஒரு குளவிக் கூடு: மூன்று மாதம் பின்தொடர்ந்து பதிவுசெய்ய ஒரு வழிகாட்டி

ஜன்னல் சன்ஷேடின் மூலையிலோ, மாடிப்படியின் அடியிலோ, மீட்டர் பெட்டிக்குள்ளோ ஒரு சாம்பல்நிறக் கூடு தொங்கும். விதை உதிர்ந்த தாமரைப் பொகுட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் துடைப்பக்கட்டையோ மண்ணெண்ணெய்த் துணியோ அதன் கதையை முடித்துவிடும். அதைக் கலைக்காமல், அது எப்படி வளர்கிறது, யார் என்ன வேலை செய்கிறார்கள், எப்போது காலியாகிறது என்று பதிவுசெய்ய நினைக்கும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கூட்டைக் கட்டும் காகிதக் குளவியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக் குளவிகளை வைத்து எழுதப்பட்டவை. வசந்தத்தில் ராணி தனியாகக் கூடு தொடங்கும், குளிர் வந்ததும் கூட்டமே செத்துப்போகும் என்று அவை சொல்லும். நம் ஊர்க் குளவிக்கு அந்தக் காலண்டர் கிடையாது. இங்கே ஜனவரியிலும் புதுக்கூடு தொடங்கும், ஆகஸ்டிலும் தொடங்கும். ஒரு கூட்டில் ராணி மாறினாலும் கூடு தொடரும். படித்ததை வைத்து எதிர்பார்க்காமல், கண்ணில் பட்டதை மட்டும் எண்ணி எழுதுகிற பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

1. அது சமூகக் குளவிதானா என்று உறுதிசெய்யுங்கள்

பூச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் கூட்டைப் பாருங்கள். கூடு எதனால் ஆனது என்பதே முதல் கேள்வி.

மண் என்றால் அது தனிக்குளவி. சுவிட்சு போர்டு ஓட்டையை அடைத்து, திரைச்சீலை மடிப்பில் மண்குழாய் வைத்து, சின்னஞ்சிறு பானை செய்து வைக்கிற வேலையெல்லாம் அவற்றுடையது. ஒரு பெண்குளவி தனியாகக் கட்டும். புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வதெல்லாம் இதைப் பார்த்துத்தான். உள்ளே போன புழு குளவியாவதில்லை, குளவிக்குஞ்சுக்குச் சாப்பாடாகிறது. இங்கே கூட்டமும் இல்லை, வேலைப்பங்கீடும் இல்லை. இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

மெழுகு என்றால் தேனீ. தண்ணீர்த்தொட்டி, பாலம், அடுக்குமாடி இவற்றின் அடியில் ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. செய்தியில் 'குளவி கொட்டியது' என்று வருகிற சம்பவங்களில் சில மலைத்தேனீயின் வேலை. பதிவில் இந்தக் குழப்பம் வரக்கூடாது.

காகிதம் என்றால் சமூகக் குளவி. காய்ந்த மரத்தையும் செடித்தண்டையும் சுரண்டி எச்சிலோடு மென்று செய்த காகிதம் அது. அடுத்த கேள்விதான் உயிர்காக்கும் கேள்வி: அறைகள் வெளியே தெரிகின்றனவா, அல்லது முழுக்கூட்டையும் ஓர் உறை மூடியிருக்கிறதா?

அறைகள் திறந்திருந்தால் மேலே படியுங்கள். உறை மூடியிருந்து, பக்கவாட்டில் ஒரே வாசல் இருந்து, மேற்பரப்பில் பழுப்பும் வெளிர்மஞ்சளும் அலையலையாக ஓடினால் அது கதண்டு. டெல்டா மாவட்டங்களில் கதண்டு, வேறு பக்கங்களில் கடந்தை, நாளிதழ்களில் 'விஷ வண்டு'. வண்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வயிற்றின் முதல் இரண்டு கண்டங்கள் ஆரஞ்சு மஞ்சள், மீதி கருப்பு என்றால் வெஸ்பா அஃபினிஸ். மரக்கிளை, புதர், தென்னை, கூரையோரம் என்று கட்டும். ஒரே ஒரு மஞ்சள் பட்டை, மற்றதெல்லாம் கரும்பழுப்பு என்றால் வெஸ்பா ட்ரோபிகா. இது மண்பொந்து, மரப்பொந்து மாதிரி மறைவிடத்தை விரும்பும். இரண்டும் இந்த வழிகாட்டிக்கு வெளியே. 15 மீட்டருக்குள் போகாதீர்கள். ஆள் நடமாடும் இடமென்றால் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112இல் அழையுங்கள். அழைக்கும்போது கூட்டின் உயரம், தரையிலா மரத்திலா, பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா, வண்டி வர வழி உண்டா என்ற நான்கையும் சொன்னால் தகுந்த ஏணியோடு வருவார்கள். கல்லெறிவது, புகை போடுவது, பட்டாசு கொளுத்துவது மூன்றும் ஆஸ்பத்திரிக்கு நேர்வழி.

2. எந்தக் காகிதக் குளவி என்று பாருங்கள்

தென்னிந்திய வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பது ரோபாலிடியா பேரினம். அதிலும் ரோபாலிடியா மார்ஜினேட்டா. செம்பழுப்பு உடல், வயிற்றின் பெருத்த இரண்டாம் கண்டத்தின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு, கால் மூட்டுகளில் மஞ்சள் புள்ளி. இந்தியா, இலங்கையில் தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. அதற்கு அண்ணன் தம்பி போல ரோபாலிடியா சையத்திஃபார்மிஸ் இருக்கிறது. உருவம் கொஞ்சம் சிறியது, கூடு அடர்நிறம், பல நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட அடைகளாகப் பக்கம் பக்கமாகத் தொங்கும்.

இன்னொரு வாய்ப்பு பொலிஸ்டிஸ். உடல் இன்னும் நீளம், பறக்கும்போது கால்கள் தொங்கும். பிரித்தறிய இடுப்பைப் பாருங்கள். ரோபாலிடியாவுக்கு வயிற்றின் முதல் கண்டம் மெல்லிய காம்பு, அடுத்தது மணியைக் கவிழ்த்த மாதிரி சட்டென்று பெருக்கும். பொலிஸ்டிஸுக்கு அந்தக் காம்பு கிடையாது; நெசவுக் கதிர் மாதிரி இரண்டு முனையும் கூராகி நடுவில் தடித்திருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ரோபாலிடியா மாண்டானா என்ற உறவுக்காரர் உண்டு. அது கூட்டத்தோடு பறந்துபோய்க் கூடு தொடங்கும். உறைபோட்ட பெருங்கூட்டில் பல்லாயிரம் குளவிகள் இருக்கும். 'ரோபாலிடியா என்றால் சாது' என்று படித்துவிட்டு அதன் பக்கம் போய் நிற்காதீர்கள். இனப்பெயரை விட உறை இருக்கிறதா என்பதே முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இனம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். படம் சரியாக இருந்தால் பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

3. கூட்டைத் தேர்ந்தெடுப்பது

கண்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்துக்குள், அறைகளின் வாய் தெரியும்படி தொங்குகிற கூடு நல்லது. 20 முதல் 60 அறை வரை உள்ள கூடு புதியவருக்குச் சரியான அளவு. ஐந்தாறு அறையோடு நிற்கும் புதுக்கூட்டில் ஒற்றைக் குளவிதான் இருக்கும். அது ஒருநாள் இரைதேடப் போய்த் திரும்பாவிட்டால் உங்கள் பதிவும் அன்றோடு முடியும். 200 அறைக் கூட்டில் எண்ணுவதற்குள் எண்ணிக்கை மாறிவிடும்.

ஒரே கூட்டை நம்பாதீர்கள். வெஸ்பா ட்ரோபிகா இந்தக் கூடுகளைத் தேடி வரும். வந்தால் கூட்டிலுள்ள வளர்ந்த குளவிகள் எதிர்க்காமல் பறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கதண்டு அறை அறையாகப் புழுவையும் கூட்டுப்புழுவையும் உருவித் தின்றுவிடும். காலையில் நிறைந்திருந்த கூடு மதியம் காலி. ஆகவே இரண்டு அல்லது மூன்று கூடுகளை ஒரே சமயத்தில் தொடங்குங்கள்.

கேட் தாழ்ப்பாள், மோட்டார் சுவிட்சு பெட்டி, செருப்பு அலமாரி என்று தினமும் பார்க்காமல் கைவைக்கிற இடத்தில் உள்ள கூடு வேண்டாம். குளவியோ தேனீயோ கொட்டி மூச்சுத்திணறல், உடல் முழுக்கத் தடிப்பு என்று முன்பு யாருக்காவது வந்திருந்தால் அந்த வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

தொடங்கும் மாதத்தைக் குளவி தீர்மானிப்பதில்லை, வெள்ளையடிக்கிறவர் தீர்மானிக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் சுவர் சுரண்டப்படும்போது பாதிக்கூடுகள் போய்விடும். தை முடிந்து பிப்ரவரியில் தொடங்கினால் மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கிடைக்கும். கொசுமருந்துப் புகை அடிக்கிற நாள் தெரிந்தால் அதையும் குறித்துவையுங்கள். மறுநாள் குளவிகள் குறைந்திருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

ஏன் மூன்று மாதம்? முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகிக் குளவி வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். ஒரு முட்டையை முதல் நாளிலிருந்து குளவி வரை பார்க்க அவ்வளவு நாள் வேண்டும். விட்டுப்போகும் நாள்களுக்கு மேலும் ஒரு மாதம்.

4. அனுமதியும் பொருளும் செலவும்

சொந்த வீடென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி தேவையில்லை, ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் அனுப்பும் பெயின்டர் உங்கள் கூட்டைச் சுரண்டிவிடுவார். பள்ளி, கல்லூரி வளாகம் என்றால் தலைமையாசிரியருக்கோ முதல்வருக்கோ ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கூடு இருக்கும் இடம், வரும் நாள்கள், நேரம், கூட்டைத் தொடவோ நகர்த்தவோ போவதில்லை என்ற உறுதி, கூட வரும் பெரியவரின் பெயர், கைபேசி எண் அதில் இருந்தால் போதும். முத்திரை போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காவலாளி மாறும்போதெல்லாம் அது உதவும். காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆய்வு என்று எதையும் தொடங்காதீர்கள். முதல் கூட்டுக்கு அந்த அலைச்சலே வேண்டாம், வீட்டுச் சுவரே போதும்.

பொருள்கள்: 200 பக்க நோட்டு ஒன்று, பென்சில், டார்ச், டார்ச் முகப்பில் ஒட்டச் சிவப்பு செல்லோஃபேன் தாள், உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி, அதைக் கட்ட ஒரு மீட்டர் நீளக் குச்சி, கேமரா உள்ள கைபேசி. கைபேசி, டார்ச் ஏற்கெனவே இருந்தால் மீதி எல்லாம் 500 ரூபாய்க்குள் முடியும். பென்சில் ஏன் என்றால், மழையில் நனைந்த நோட்டில் மை ஓடிவிடும்.

குளவிக்கூண்டு, வலை, பாதுகாப்பு உடை எதுவும் வாங்க வேண்டாம். உடை வாங்கினால் தைரியம் வரும். தைரியம் வந்தால் பக்கத்தில் போவீர்கள்.

5. முதல் நாள்: அறைகளுக்கு எண் போடுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மூன்று மாதம் நிம்மதி. பெரும்பாலானோர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

காலை ஏழு மணிக்குக் கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை தூரத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளி நில்லுங்கள். கண்ணாடியைக் குச்சி முனையில் 45 டிகிரி சாய்வாகக் கட்டி, கூட்டுக்குக் கீழே ஒரு சாண் இறக்கி மெதுவாக நீட்டுங்கள். கண்ணாடியில் அறைகளின் வாய் முழுக்கத் தெரியும். சூரிய ஒளி கண்ணாடியில் பட்டுக் கூட்டின் மேல் தெறித்தால் குளவிகள் இறக்கையை உயர்த்தும். உடனே விலக்கிக்கொண்டு கோணத்தை மாற்றுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் நான்கைந்து படம் எடுங்கள்.

கண்ணாடியில் எடுத்த படம் இடம்வலம் மாறியிருக்கும். கைபேசியிலேயே படத்தைத் திருப்பிவிட்டுத்தான் அச்செடுக்க வேண்டும். இதை மறந்து முதல் மாதம் திருப்பாத படமும் இரண்டாம் மாதம் திருப்பிய படமும் வைத்தால், எந்த அறையில் எந்தப் புழு என்பது மொத்தமாகக் குழம்பிவிடும்.

அச்செடுத்த படத்தின் மேல் சுவர்ப்பக்கம் எது என்று ஒரு கோடு போடுங்கள். பிறகு அறைகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் கொடுங்கள். வரிசைக்கு எழுத்து, அறைக்கு எண் என்று சினிமா தியேட்டர் இருக்கை மாதிரி போடாதீர்கள். கூடு நான்கு பக்கமும் விளிம்பில் வளரும். 'அ' வரிசைக்கு முன்னால் ஒரு புது வரிசை வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? வரிசை எண் என்றால் அந்தத் தொல்லை இல்லை. 34 அறை இருந்த கூட்டில் புதிதாக வருவது 35, அது எந்தப் பக்கம் வந்தாலும் சரி.

ஒவ்வோர் அறைக்கும் ஒரு குறி. கா என்றால் காலி. மு என்றால் முட்டை. வெள்ளையாக, அரிசிக்குருணையைவிடச் சிறிதாக, அறையின் உட்சுவரில் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். பு1, பு2, பு3 என்றால் சின்ன, நடுத்தர, பெரிய புழு. அறையின் பாதிக்குக் கீழே இருந்தால் 1, பாதியளவு என்றால் 2, வாய்வரை நிறைந்து முகம் தெரிந்தால் 3. மூ என்றால் மூடியிட்ட அறை. பெரிய புழு தானே பட்டு நூற்று வாயை மூடிக்கொள்ளும். வெள்ளையாக வழவழப்பான குமிழ் மாதிரி தெரியும். குளவி மூடியை அறுத்து வெளிவந்தபின் விளிம்பில் கிழிந்த வெள்ளை வளையம் மிஞ்சியிருக்கும்; அதற்கு வெ. அந்த அறையில் சில நாளில் மறுபடி முட்டை வரலாம். ஆகவே வெ என்று எழுதிய அறையை முடிந்துபோனதாக விட்டுவிடாதீர்கள்.

மூன்று நாளைக்கு ஒருமுறை, அதே நேரத்தில், இதே பட்டியல். ஒரு கூட்டுக்குப் பழகிவிட்டால் 15 நிமிடம்.

6. தலையெண்ணுவது இரவில்

பகலில் எண்ணுவது வீண்வேலை, பாதிப்பேர் வெளியே இருப்பார்கள். இருட்டியபின் எல்லோரும் கூட்டில்தான் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்குமேல் அல்லது விடியலுக்குமுன், சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சோடு போங்கள். சிவப்பொளி அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றிரண்டு ஒளியை நோக்கிப் பறந்து வரும், ஒளி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடிப்பக்கத்தை மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். கூட்டின் முதுகுப்பக்கத்திலும், அதாவது சுவருக்கும் கூட்டுக்கும் இடையிலும், கூடு தொங்கும் காம்பைச் சுற்றியும் கணிசமானவை ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் குனிந்து அதையும் எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணி இரண்டையும் எழுதுங்கள், சராசரி போடாதீர்கள்.

ஆண்களைத் தனியாக எண்ண முடிந்தால் நல்லது. முகம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. ஒரு வாரம்போல் கூட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவதில்லை. அதனால் ஆண் எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் அதைச் சாவு என்று எழுதிவிடாதீர்கள்.

7. ஐந்து நிமிடம் பார்ப்பது

வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள், ஒரு நாற்காலி போட்டு இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஐந்து நிமிடம் பார்த்து எழுதுங்கள், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். இப்படி ஆறு சுற்று. கடிகாரம் இல்லாமல் 'கொஞ்ச நேரம்' பார்ப்பவர்கள், சுவாரசியமாக எதுவும் நடக்காத நேரத்தை எழுதாமல் விட்டுவிடுவார்கள். குளவிக்கூட்டில் பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது. அதுவும் தகவல்தான்.

திரும்பிவரும் குளவி எதைக் கொண்டுவருகிறது என்பது முதல் பாடம். வாயில் பச்சையோ வெளிறியதோ ஈரமான உருண்டை இருந்தால் மென்ற புழு. கூட்டில் இறங்கியவுடன் இரண்டு மூன்று பேர் வந்து உருண்டையைப் பிய்த்து வாங்கிக்கொண்டு அறை அறையாகத் தலையை விட்டு ஊட்டுவார்கள். ஊட்டும்போது புழுவும் பதிலுக்கு ஒரு சொட்டு எச்சில் தரும், பெரியது அதைக் குடிக்கும். உருண்டை சாம்பல் நிறமாக, காய்ந்த மாதிரி இருந்தால் அது காகிதக்கூழ். கூழ் கொண்டுவந்தது நேராக விளிம்புக்குப் போகும். சுவரை இரு உணர்கொம்பாலும் இருபுறமும் தொட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து, கோலமாவு இழுக்கிற மாதிரி ஒரு பட்டை இழுக்கும். ஈரப்பட்டை கருமையாகத் தெரியும், சில நிமிடத்தில் வெளுத்துவிடும். வாயில் ஒன்றும் தெரியாமல் வந்து மற்றதுக்கு வாயோடு வாய் வைத்தால் தண்ணீர் அல்லது தேன். உச்சி வெயிலில் அறைவாயில் சொட்டு வைத்து இறக்கையால் விசிறினால் தண்ணீர் என்று நிச்சயமாக எழுதலாம். மழைநாளில் இதற்கு நேர்மாறு: கூட்டில் சேர்ந்த நீரை உறிஞ்சி வெளியே துப்பும்.

ஒன்று மற்றதைத் துரத்துவது, மேலே ஏறிக் கடிப்பது, உணர்கொம்பைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் அடிக்கிறதுதான் ராணி என்று முடிவுகட்டாதீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் குழுவும் இந்த ரோபாலிடியா மார்ஜினேட்டாவைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். 1983இல் கடக்கரும் ஜோஷியும் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு குளவியும் எந்த நேரத்தை எதில் செலவிடுகிறது என்று கணக்கிட்டு, உட்காருபவை, சண்டைபோடுபவை, இரைதேடுபவை என்று மூன்றாகப் பிரித்தார்கள். ராணி உட்காருபவைக் கூட்டத்தில் இருந்தது. மார்ஜினேட்டா ராணி சாது; அடித்து ஆள்வதில்லை. அடிவயிற்றைக் கூட்டின் மேல் தேய்த்துத் தன் இருப்பைச் சுரப்பால் தெரிவிக்கும். அந்த ராணியை எடுத்துவிட்டால் சில நிமிடத்தில் ஒரு வேலைக்காரி கடும் முரடாகிவிடும். அதுதான் அடுத்த ராணி, நாள் செல்லச் செல்ல அதுவும் அடங்கிவிடும். எனவே அமைதியாக இருந்த கூட்டில் ஒன்று திடீரென்று எல்லாரையும் விரட்டத் தொடங்கினால், அன்றைய தேதியைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ராணி போயிருக்கலாம். ஒரு வாரத்தில் மறுபடி புது முட்டை வருகிறதா என்று அறைப்பட்டியலில் பாருங்கள்.

சையத்திஃபார்மிஸில் கதை வேறு, அங்கே ராணியே சண்டைக்காரி. இனத்தைச் சரியாகப் பிரித்தறியாமல் நடத்தையை எழுதினால் என்னாகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ராணியை உறுதிசெய்ய ஒரே வழி, முட்டையிடுவதைக் கண்ணால் பார்ப்பது. அறைக்குள் முதலில் தலையை விட்டுப் பார்த்து, பிறகு திரும்பி அடிவயிற்றை விட்டு அசையாமல் சிறிது நேரம் இருக்கும். தலைவிட்டிருப்பதைப் பார்த்து முட்டை என்று எழுதுகிறவர்கள் அதிகம். அது வெறும் பரிசோதனை, அல்லது ஊட்டுதல்.

ஆய்வாளர்கள் ஒவ்வொரு குளவியின் முதுகிலும் சீக்கிரம் காயும் எனாமல் வண்ணத்தில் புள்ளி வைத்து அடையாளம் காண்பார்கள். முதல் மூன்று மாதத்தில் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். வண்ணம் இறக்கையடியில் பட்டால் குளவி பறக்க முடியாது. அதற்குப் பதில் கிழிந்த இறக்கை, பாதி போன உணர்கொம்பு, நொண்டும் கால் என்று இயற்கை அடையாளமுள்ள இரண்டு மூன்றை மட்டும் பின்தொடருங்கள்.

8. எப்போது பின்வாங்குவது

குளவி உங்களை எச்சரித்துவிட்டுத்தான் வரும். முதலில் எல்லாம் உங்கள் பக்கம் திரும்பும். பிறகு உணர்கொம்பு விறைக்கும், இறக்கை V வடிவில் உயரும், முன்னங்கால் தூக்கும். இந்த நிலையில் இரண்டடி பின்னால் வைத்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். கையை வீசினால் அடங்காது. கூட்டின் மேல் மூச்சுவிடாதீர்கள், சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கூட்டைத் தாங்கும் பலகையை, கதவை ஆட்டாதீர்கள். அதிர்வுதான் பெரிய எதிரி. கூட்டுக்குப் பறந்துவரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதும் தவறு. வெளியே போனவை திரும்பும் வழி எது என்று முதலில் பார்த்து அதைவிட்டு விலகி நில்லுங்கள்.

ஒன்று கொட்டிவிட்டால் சோப்புத்தண்ணீரில் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். விரலில் கொட்டினால் மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கியபின் கழலாது. குளவி கொடுக்கை விட்டுப்போவதில்லை. தோண்டித் தேட வேண்டாம். சுண்ணாம்பு, மஞ்சள் தேடி நேரம் கடத்தவும் வேண்டாம். உதடு, நாக்கு, முகம் வீங்குதல், மூச்சு இரைத்தல், கொட்டிய இடத்தைத் தாண்டி உடல் முழுக்கத் தடிப்பு, மயக்கம், வாந்தி — இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108ஐ அழையுங்கள், காத்திருக்காதீர்கள். கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால் ஆள் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனையில் காட்டுங்கள். சிறுநீர் கருத்து வருவதும் அளவு குறைவதும் சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அடையாளம், அது சில மணி நேரம் அல்லது ஒருநாள் கழித்தும் தெரியவரலாம்.

9. பதிவேற்றுவது

பார்த்த உயிரினங்களின் படங்களைப் பதிவேற்றும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டில் (iNaturalist) கணக்கு இலவசம். ஒரு கூட்டுக்கு ஒரு பதிவு, அதில் நான்கு படம்: கூடு பக்கவாட்டில் காம்பு தெரியும்படி, கூட்டின் அறைப்பக்கம், குளவியின் முழு உடல் பக்கவாட்டில், குளவியின் முதுகும் வயிறும் மேலிருந்து. முகம் கிடைத்தால் கூடுதல். கூட்டின் படத்தில் அருகே ஒரு பேனாவைச் சுவரில் வைத்து எடுத்தால் அளவு தெரியும். கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

தேதியும் இடமும் இல்லாத பதிவு தரமானதாக எடுத்துக்கொள்ளப்படாது. இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும், ஆனால் வீட்டுவாசல் உலகத்துக்குத் தெரிய வேண்டாம் என்றால் இருப்பிட அமைப்பில் 'ஒப்ஸ்கியூர்டு' (Obscured, மறைக்கப்பட்டது) தேர்வுசெய்யுங்கள். பொதுவில் பல கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளி காட்டப்படும். துல்லிய இடம் உங்கள் கணக்கில் இருக்கும். இனப்பெயர் தெரியாவிட்டால் வெஸ்பிடே என்று குடும்பத்தோடு நிறுத்துங்கள். தெரியாமல் ஓர் இனப்பெயரைப் போட்டு, வேறு ஒருவரும் மரியாதைக்கு ஒப்புக்கொண்டால், அந்தத் தப்பு பரவல் வரைபடத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். ஒரே கூட்டை வாராவாரம் புதுப்பதிவாக ஏற்றுவதும் அதே மாதிரி தொல்லை. குறிப்புப் பகுதியில் தேதி போட்டு எழுதினால் போதும்.

10. கூடு காலியானபின்

குளவிகள் கைவிட்ட கூட்டை உடனே எடுக்காதீர்கள். கதண்டு காலிசெய்த கூட்டுக்கு மீதிப்பேர் திரும்பி வந்து மறுபடி முட்டையிடுவதும் உண்டு. மூன்று இரவுத் தலையெண்ணிக்கை தொடர்ந்து பூஜ்யம் என்றால்கூட இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு காம்பைச் சுவரோடு ஒட்டிப் பிளேடால் அறுத்து எடுங்கள். காம்பு கருப்பாகப் பளபளக்கும். எறும்பு இறங்காமல் இருக்கக் குளவி பூசிய சுரப்பு அது.

அறைக்குள் அந்துப்பூச்சிப் புழு இருக்கலாம். விட்டால் கூடு பொடியாகிவிடும். காற்றுப்புகாத பையில் போட்டு மூன்று நாள் ஃபிரீசரில் வையுங்கள். ஃபிரீசரில் இடம் வாங்குவதுதான் இந்த முழு வேலையிலும் கடினமான அனுமதி. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைவெப்பத்துக்கு வர விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படிந்து காகிதம் நெகிழ்ந்துவிடும். அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பி, அறைவாய் மேலே இருக்கும்படி வையுங்கள். மேல்மூடியில் பென்சிலால் எழுத வேண்டியவை: கூடு எண், இடம், எதில் தொங்கியது, தரையிலிருந்து உயரம் சென்டிமீட்டரில், முதல் பதிவின் தேதி, கடைசிக் குளவி தெரிந்த தேதி, எடுத்த தேதி, கடைசி அறை எண்.